அப்பாவுக்கு மலாய் எழுத வருகிறது, தமிழ் மட்டும் ஏன் பிசகுகிறது?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. இடது மூளையில் ஸ்ட்ரோக் வந்து சில மாதங்கள் ஆகின்றன. பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. மலாய் நன்றாக எழுதுகிறார். தமிழில் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதுகிறார், ஆங்கிலத்தில் இன்னும் மோசம். சீன எழுத்துப் பழகினால் வலது மூளை விழித்துக்கொள்ளும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம், பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். சீன எழுத்து வலது மூளையில் இருக்கிறது என்பது கட்டுக்கதை. இடது மூளை பாதித்த சீனர்களுக்கும் எழுத்து போகிறது.

எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒலியைக் கேட்டு எழுத்தாக மாற்றுவது ஒன்று, சொல்லின் உருவத்தை நினைவிலிருந்து எடுப்பது இன்னொன்று. ரூமி, அதாவது ரோமன் எழுத்தில் எழுதும் மலாய்க்கு முதல் வழியே பெரும்பாலும் போதும். ஆங்கிலத்தில் 'யாட்' (yacht) என்ற படகின் பெயரை ஒலியை நம்பி எழுதினால் தப்புதான். தமிழ் நடுவில் நிற்கிறது. ல, ள, ழ மூன்றையும் பேச்சில் ஒன்றாக்கிவிட்டோம், ர-வும் ற-வும் அப்படியே. அங்கே நினைவுதான் கைகொடுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அடிபட்டது அந்த நினைவு வழியாக இருக்கலாம். ஜப்பானியரில் ஒலியைக் குறிக்கும் கானா எழுத்து வந்து, சீனத்திலிருந்து வந்த சொல்லுருவான காஞ்சி மட்டும் மறந்துபோனவர்கள் உண்டு, நேர்மாறாகவும் உண்டு.

பிசகுவது கையா, மொழியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அதே சொற்களைக் கைப்பேசியில் தட்டச் சொல்லுங்கள், சொல் பரிந்துரையை அணைத்துவிட்டு. அங்கும் அதே பிழை வந்தால் கையைக் குறை சொல்ல வேண்டாம்.

வலது மூளை பாதித்தவர் கதை வேறு. எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும், ஆனால் தாளின் இடது பக்கம் காலியாகக் கிடக்கும், வரி சாய்ந்து ஓடும். ண-வுக்கு நான்காவது சுழி போட்டுவிட்டு, கூடிப்போனது தெரியாமல் இருப்பார். பார்வைக் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போகிறார்கள். கண்ணாடி மாற்றிப் பயனில்லை, கவனம்தான் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அங்கிருந்து தொடங்கப் பழக்குவார்கள். உங்கள் அப்பாவுக்கு இது இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? மருத்துவமனையில் மலாயில் நாலு வரி எழுதச் சொல்லி, 'எழுத்து நலம்' என்று கோப்பை மூடும் இடத்தில். மலாய்தான் அவருக்குச் சுலபமாயிற்றே! மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.மில் பேச்சுப் பயிற்சிப் படிப்பு 1995இல் தொடங்கியது. இன்னமும் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் குதிரைக்கொம்பு.

அப்புறம், ஏஜெண்டுகள். ஒரு வரி எழுத முடியாதவருக்கும் கையெழுத்து மட்டும் பழக்கத்தில் வந்துவிடும். 'பாருங்கள், போடுகிறாரே' என்று வெற்றுத் தாளை நீட்டுவார்கள், இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்பார்கள். பணம் எடுக்கும் விண்ணப்பத்தைக் கட்டணமின்றி நேரடியாகவே கொடுக்கலாம். படித்துப் புரிந்ததைத் தன் வாயால் சொல்லாதவரை அப்பா எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. மகன், மருமகன் கேட்டாலும்தான்.

அடுத்த சந்திப்புக்கு அவர் ஸ்ட்ரோக்குக்கு முன் தமிழில் எழுதிய கடிதமோ கணக்கு நோட்டோ ஒன்றைக் கொண்டுபோங்கள். ழகரப் பிழை முன்பே இருந்ததா என்று பார்க்காமல் எதையும் நோயின் தலையில் கட்டக் கூடாது. பத்துச் சொற்களை மூன்று மொழியிலும் எழுதவைத்து, அந்தத் தாளையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் மீண்டும் கேளுங்கள்.