தண்ணீர் துரு நிறமானால் குரோமியமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எங்கள் வீடு. ஆர்.ஓ. விற்க வந்தவர் போர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணீர் துரு நிறமாகிவிட்டது. "எல்லாம் குரோமியம்" என்றார். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சோதனை செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்தக் கம்பியை மறந்துவிடுங்கள். அது இரும்பு. உப்பு கரைந்த எந்தத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்தாலும் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். வீட்டுக்கு வீடு இதைக் காட்டிப் பயமுறுத்தியே மெஷின் விற்கிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் குரோமியத்தைத் தனியாகக் காட்டாது.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அங்கே 1995-ல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவே லட்சம் டன்னுக்கு மேல். கொட்டியவர் யாரோ, சோதனைச் செலவு உங்கள் தலையில். வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனைப் பட்டியலில் குரோமியம் இருப்பதும் இல்லை. இத்தனை ஆண்டாகியும் எனக்கு இது ஆறவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது ஐ.சி.பி.-எம்.எஸ். முறையில் மொத்தக் குரோமியம். நீங்கள் சொன்ன மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் ஒரு வகைதான் இது. பல ஆயிரம் டிகிரி சூட்டில் தண்ணீரிலுள்ள உலோக அணுக்களை மின்னேற்றி, எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. குடிநீருக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். கருவி 1 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் பார்க்கும். ரிப்போர்ட்டில் வெறுமனே 'பி.டி.எல்.' (கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே) என்று போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். எந்த அளவுக்குக் கீழே என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள்.

கமிஷன் ஏஜென்டிடம் பாட்டிலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரையைக் காட்டுவார், அந்த அங்கீகாரம் தண்ணீரில் குரோமியம் பார்ப்பதற்குத்தானா என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள். பாட்டிலும் அவர்களிடமே வாங்குங்கள்.

இன்னொன்று. மொத்தம் வரம்பைத் தாண்டினால், அதில் நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டிவரும். அதற்குத் தனி பாட்டில். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கும். அதிலேயே இதையும் பிடித்தால் ஆறு இணைதிறன் குரோமியம், நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடும், ரிப்போர்ட்டில் குறைவாகத் தெரியும். அமிலமில்லாத பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கருவியும் தனியாக இதைச் சொல்லாது. இந்த இரண்டு வகையையும் முதலில் பிரித்துக் கருவிக்குள் அனுப்பும் வசதி ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தாலும் குரோமியம் போகாது. ஆர்.ஓ. அதைக் குறைக்கும்தான், வாங்குவதை எண்ணைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.