லென்னியைச் சுட்டது கருணையா, கொலையா?

கேள்வி: ஜான் ஸ்டெய்ன்பெக் 1937-இல் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவலில் பண்ணைக் கூலி ஜார்ஜ், மனவளர்ச்சி குன்றிய நண்பன் லென்னியையே சுடுகிறானே, அதை எப்படி ஏற்பது? பண்ணை முதலாளி மகன் கர்லியின் மனைவிக்கு ஏன் பெயரே இல்லை?

பதில்: முதலில் பண்ணையின் வயதான தொழிலாளி கேண்டியின் கிழட்டு நாய்க்குத் திரும்பிப் போங்கள். நாற்றம் தாங்கவில்லை என்று சக தொழிலாளி கார்ல்சன் அதைக் கொண்டுபோய்ச் சுட்டுவிட, வேறு ஆளை விட்டிருக்கக் கூடாது, நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் புலம்புவார். கடைசியில் ஜார்ஜ் கையில் இருப்பதும் கார்ல்சனின் அதே லூகர் துப்பாக்கிதான். தன் மனைவியைத் தெரியாமல் கொன்றுவிட்ட லென்னியை வயிற்றில் சுடத் துடிக்கும் கர்லி வந்து சேர்வதற்குள், இருவரும் கனவு கண்ட, முயல் வளர்க்கப்போகும் கதையைச் சொல்லிக்கொண்டே ஜார்ஜ் முடித்துவிடுகிறான். என்னைக் கேட்டால் கருணைதான். ஆனால் இரண்டாவது முறை படிக்கும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

சரி, அந்தப் பெண். பண்ணையில் அவள் கர்லியின் உடைமை, அவ்வளவுதான், பெயர் எதற்கு? சினிமாவில் சேர்க்கிறேன் என்ற ஒருவனின் கடிதம் வராமல் போக, அம்மாதான் ஒளித்துவிட்டாள் என்று நினைத்து அவசரத்தில் கர்லியைக் கட்டிக்கொண்டவள். பாவம்தான், ஆனால் கறுப்பினத் தொழிலாளி குரூக்ஸைத் தூக்கில் தொங்கவிட வைப்பேன் என்று மிரட்டுபவளும் அவளே. கதை நடக்கும் கலிஃபோர்னியா ஊர் சோலடாட், ஸ்பானிய மொழியில் ‘தனிமை’.