இம்பிளாண்ட் பல் ஆடினால் முதல் பாக்கவேண்டியது

அம்மாவுக்கு ரெண்டு வருசத்துக்கு முதல் வைச்ச இம்பிளாண்ட் (தாடை எலும்புக்குள்ள பதிச்சு வைக்கிற செயற்கைப் பல்) ஆடுது எண்டு எழுதியிருக்கிறியள். அதுக்காகக் காசெல்லாம் போச்சு எண்டு முடிவு கட்டாதேங்கோ. அநேகமா எலும்புக்குள்ள இருக்கிற டைட்டானியம் ஆணி ஆடாது. மேல கிரவுணை (வெளியில தெரியிற பல்லை) பிடிக்கிற சின்ன ஸ்குரு தளர்ந்திருக்கும்.

அம்மா பனங்கிழங்கு கடிச்ச அண்டு துவங்கினது எண்டும் எழுதியிருக்கிறியள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். கொடுப்புப் பல்லில வாற பாரம் லேசுப்பட்டதில்லை.

கையை வடிவாக் கழுவிப்போட்டு விரலால மெல்ல அசைச்சுப் பாருங்கோ. கிரவுண் மட்டும் சுழலுது, நோவோ முரசில வீக்கமோ இல்லை எண்டால் ஸ்குருவாத்தான் இருக்கும். ஆனாலும் எக்ஸ்ரே பாத்துத்தான் நிச்சயமாச் சொல்லலாம்.

அழுத்தேக்க நோ, சீழ், இரத்தம் இருந்தால் கதை வேற. எலும்பு கரையத் துவங்கியிருக்கலாம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில இல்லாதவைக்கும் புகைக்கிறவைக்கும் அந்த ஆபத்துக் கூட. நாள் கடத்தாமல் கூட்டிக்கொண்டு போங்கோ.

தயவுசெய்து பசை போட்டு ஒட்டவேண்டாம். மற்றப் பக்கத்தால சாப்பிடச் சொல்லுங்கோ. இம்பிளாண்ட் வைக்கேக்க தந்த விபர அட்டை இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கோ, ஸ்குருவும் அதைத் திருப்புற சாவியும் கம்பனிக்குக் கம்பனி வேற.