லாட்ஜ் வேலையை ஏன் மறைக்க வேண்டும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கவலை புரிகிறது. பெண் பி.காம். முடித்துவிட்டாள், இன்டர்வியூவுக்குப் போகிறாள், வருகிறாள், ஒன்றும் அமையவில்லை. அப்பா வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில் ரூம் பாய் என்பதையும், சாயங்காலத்தில் அதே லாட்ஜ் ரிசப்ஷனில் அவள் உட்காருவதையும் வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அவளோ, "நான் இப்படித்தான், வேஷம் போட மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் பெரும்பாலும் அவள் பக்கம். முழுக்க அல்ல.

அவளிடம் போனில், "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்றேன். கோச்சிங் சென்டரில் கொடுத்த பத்தியை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடின உழைப்பாளி, டீம் பிளேயர், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். வரிசையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பிறகு லாட்ஜில் என்ன வேலை என்று கேட்டேன். குரலே மாறிவிட்டது.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம்தான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ அங்கே சிகிச்சைக்கு வந்து, காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்குகிறார்கள். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்க நேர்கிறது. கையிருப்பு கரையும், மொழி தெரியாது, வீட்டு ஆள் வார்டில் கிடப்பார். அப்படிப்பட்டவரிடம் வாடகை பாக்கியைக் கேட்டு வாங்குவது சாதாரண வேலையா? உங்கள் பெண் பெங்காலியிலேயே பேசி, அட்வான்ஸில் கழித்தது போக மீதியைக் கணக்குப் போட்டுக் காட்டி, சண்டையில்லாமல் முடிக்கிறாள். வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட்டை வாங்கி, அவர் தங்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுவதும் அவள்தான். வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ கஸ்டமர் சர்வீஸுக்கு ஆள் தேடும்போது இதைத்தானே தேடுகிறது! அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு போகச் சொல்கிறீர்கள்.

அப்பாவின் வேலையை அவளாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் நேராகச் சொல்லட்டும். கல்யாணப் பேச்சு, சாதி, வீட்டுக் கடன் இதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லாதவை. தானாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று அர்த்தமில்லை.

இனி அவள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. "எனக்கு இங்கிலீஷ் வராது, நான் இப்படித்தான்" என்பது பிடிவாதம். லாட்ஜில் பெங்காலி பேசும்போது அவள் வேஷமா போடுகிறாள்? இங்கிலீஷும் அப்படித்தான். வீட்டில் "இன்னா", "கீது" என்று தாராளமாகப் பேசட்டும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். கவுன்டரில் வேறு பேச்சு. அதைத் தினமும் கொஞ்சம் பழக வேண்டும்.

"எந்த ஷிஃப்டும் ஓகே என்று சொல்லிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினீர்களாமே. வேண்டாம். காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் சென்னைக்குப் போய் ராத்திரி திரும்புவதுதான் உங்கள் திட்டம் என்றால் நைட் ஷிஃப்ட் எப்படிச் சரிப்படும்? சேர்ந்தபின் முடியாது என்றால் புரொபேஷனிலேயே பெயர் கெடும். டிகிரிக்குப் பின் வேலை அமையாத ஒரு வருடத்துக்கு, வேறெங்கோ வேலை பார்த்ததாக யாரோ சர்டிபிகேட் தருகிறேன் என்றாராம். அதைத் தொடவே தொடாதீர்கள். பெரிய கம்பெனிகள் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கின்றன. பி.எஃப். பதிவையும் பார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் வேலை போகும். அந்த வருடம் முழுக்க லாட்ஜில்தானே இருந்தாள்? உண்மையே நன்றாக இருக்கும்போது பொய்க்குக் காசு கொடுப்பானேன்!

ரெஸ்யூமேயில் படிப்புக்கு அடுத்தபடியாக லாட்ஜ் வேலையை எழுதச் சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, என்னென்ன பொறுப்பு, எந்தெந்த மொழி. கோச்சிங் சென்டர் பத்தியை அடித்துவிடலாம். முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவக் கடிதம் வாங்க வேண்டும். அதை அவள் அப்பாவே கேட்கட்டும். அவர் கேட்டால் முதலாளி தட்ட மாட்டார் என்று உங்கள் பெண்தான் சொன்னாள்.