பின்தங்கிய சி6 சிப்பாய் குறித்து

வணக்கம். சதுரங்கத் தொடக்கமான குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டின் எக்ஸ்சேஞ்ச் வகையில் கறுப்பில் ஆடிய உங்கள் போட்டி ஆட்டத்தில், வெள்ளை பி4, பி5 என்று சிப்பாயைத் தள்ளி சி6-இல் வெட்டிய பின், அங்கே பின்தங்கி, அதாவது பக்கத்துச் சிப்பாய்களின் காவல் இல்லாமல், நின்ற உங்கள் சிப்பாயைக் கடைசிவரை காத்துக்கொண்டே தோற்றதாக எழுதியிருந்தீர்கள். தவறு அந்த வெட்டில் இல்லை; அதற்கு முன்பே டி7 குதிரையை எஃப்8-க்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வெள்ளை பி4 ஆடியதுமே, அந்தக் குதிரை பி6 வழியாக சி4-ஐ அடையுமா என்று கணக்கிடுங்கள். அடையுமென்றால், வெள்ளையின் ஏ4 பதிலையும் பார்த்துக்கொண்டு, நீங்களே பி5 ஆடி வெள்ளைச் சிப்பாயின் முன்னேற்றத்தைத் தடுத்துவிடலாம்; ஏனெனில் சி4-இல் அமரும் குதிரை, சி நெடுவரிசையில் நிற்கும் வெள்ளை யானையிடமிருந்து உங்கள் சி6 சிப்பாயை முழுமையாக மறைத்துவிடும். குதிரைக்கு அந்த வழி இல்லாதபோது பி5 வேண்டவே வேண்டாம். ஆடினால், சி5 கட்டம் வெள்ளைக் குதிரையின் வசமாகிவிடும்.