பத்து மணிக்குள் வந்துவிடுவீர்களா, தம்பி?

கேள்வி: அக்கா, நான் வாரம் ஒருமுறை போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறேன். ஏழு மணிக்கு ஆரம்பம், சுமார் நூறு பேர், ஆளுக்கு 20,000 சிப்ஸ் (பந்தய வில்லைகள்), 20 நிமிடத்துக்கு ஒரு லெவல். லெவல் ஏற ஏற பிளைண்டும், அதாவது சீட்டு வருவதற்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பந்தயமும், ஏறும். நல்ல கை வந்தால்தான் எனக்கு ஆபத்தே. போன வாரம் முதல் லெவலில், பிளைண்ட் 50-100 இருக்கும்போதே இரண்டு ஏஸ் வந்தது. மொத்தத்தையும் தள்ளினேன், எல்லோரும் ஃபோல்ட் செய்து சீட்டைப் போட்டுவிட்டார்கள். அடுத்த லெவலில் இரண்டு கிங். இந்த முறை ரெய்ஸ் செய்யாமல், அதாவது பந்தயத்தை ஏற்றாமல், பதுங்கினேன். நான்கு பேர் உள்ளே வந்தார்கள், ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) ஒரு 8 விழுந்தது, ஒருவர் கையில் 8 ஜோடி, எல்லாம் போச்சு. அதற்கு முந்தைய வாரம் ஏஸ்-கிங்கோடு எல்லாவற்றையும் வைத்து ஆல்-இன் போய் குயின் ஜோடியிடம் தோற்றேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், அதனால் வீட்டில் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஆரம்பத்தில் பெரிய கைகளை எப்படி ஆடுவது? எனக்கு ராசியே இல்லையா?

பதில்: தம்பி, ராசியை விடுங்கள், அந்தப் பத்து மணிக்கு வாருங்கள். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைத் தாண்டி வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஏழு மணிக்கு ஆரம்பித்து 20 நிமிட லெவல் என்றால் பத்து மணிக்கு ஒன்பது லெவல்தான் ஓடியிருக்கும். மேசைகளில் மொத்தம் 20 லட்சம் சிப்ஸ் கிடக்கும், அது ஒருவர் கையில் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். பரிசு கிடைப்பது வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான், அந்த இடத்துக்கே பத்து மணிக்குள் வருவது கஷ்டம். இடையில் எழுந்து வந்தால் உங்கள் சிப்ஸை பிளைண்டே தின்றுவிடும், பாதியில் மாற்றிக்கொண்டு கிளம்ப இது கேஷ் கேம் இல்லை. ஆக, சொன்ன நேரத்துக்கு வீடு போய்ச் சேர உங்களுக்கு இருப்பது ஒரே வழி, தோற்பது.

இது உங்களுக்குத் தெரியாதா? லெவல் கணக்கெல்லாம் எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு, நிச்சயம் தெரியும். தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து, பிறகு ஏஸ் வந்ததும் நடுவில் பந்தயமாக 150 சிப்ஸ் மட்டுமே கிடக்கும்போது 20,000-ஐத் தள்ளுகிறீர்கள். சீக்கிரம் இரட்டிப்பாகட்டும், இல்லையென்றால் கிளம்பிவிடலாம் என்கிற அவசரம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. 221 கைக்கு ஒரு தடவை வருகிற சீட்டு அது. பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, 300 என்று ரெய்ஸ் செய்திருந்தால் போதும். முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால் அவர் வைத்ததைப் போல மூன்று மடங்கு. உங்களைவிட மட்டமான கையோடு ஒன்றிரண்டு பேர் உள்ளே வர வேண்டும், அவர்கள்தான் உங்களுக்குக் காசு தரப்போகிறவர்கள். அவர்களை நீங்களே விரட்டிவிட்டீர்கள்.

அப்புறம் அந்தக் கிங். ஒரு தவறுக்குப் பயந்து நேர் எதிர்த் தவறு. எதிரில் ஏதோ ஒரு கையோடு ஒரே ஆள் என்றால் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும், அதே ஏஸ் நான்கு பேருக்கு எதிரே 56-க்கு இறங்கிவிடும். கிங்குக்கு அதைவிடக் குறைவு. அதோடு ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்து உங்கள் கிங்கைக் கெடுப்பதும் நூற்றுக்கு 22, 23 தடவை நடக்கும். ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் அதே எண் மூன்றாவதாகச் சேர்ந்து செட் விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான், ஆனால் அதைத் தேடிப் பார்க்க நீங்கள் அவரிடம் வாங்கியது வெறும் 200. ரெய்ஸ் செய்திருந்தாலும் அவர் வந்திருக்கலாம், வரட்டும், அது அவர் உரிமை. அதன் பிறகு நடந்ததுதான் என் கேள்வி. ஆரம்ப லெவலில், நூறு பெரிய பிளைண்ட் கையில் இருக்கும்போது ஒற்றை ஜோடியை நம்பி எல்லாவற்றையும் வைக்கக் கூடாது. சும்மா கால் செய்து ஈடு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்து, நான்காவது பொதுச் சீட்டான டர்னிலும் விடாமல் அடிக்கிறார் என்றால் கிங்கைக் கீழே போடத் தெரிய வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

ஏஸ்-கிங்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளாப்பில் மூன்றில் இரண்டு தடவை ஜோடிகூடச் சேராது. குயின் ஜோடிக்கு எதிரே, இரண்டும் ஒரே சின்னமாக இல்லாவிட்டால் நூற்றுக்கு 43தான். ரெய்ஸ் செய்யுங்கள், ஃப்ளாப்பைப் பாருங்கள், கிடைக்காவிட்டால் பெரிதாக நஷ்டமில்லாமல் விட்டுவிடுங்கள். சிப்ஸ் இரட்டிப்பானால் பரிசு இரட்டிப்பாவதில்லை, ஆனால் எல்லாம் போனால் வெளியே போக வேண்டியதுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். "வீட்டில் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னது யார்? நீங்கள். அவரைக் கேட்டீர்களா? ஒவ்வொரு வாரமும் ஒன்பது மணிக்கே தொங்கிய முகத்தோடு வருகிற புருஷனைப் பார்த்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களைக் காப்பாற்றுவது அந்த 8 ஜோடிக்காரர்! என்றைக்காவது பத்து மணிக்கு உங்கள் முன்னால் பெரிய குவியல் இருக்கும், அன்றைக்கு ஃபோன் அடிக்கும், எடுக்க மாட்டீர்கள். பொழுதுபோக்கின் பெயர் மட்டும் மாறி இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, அநேகமாக எழுதுவது காத்திருந்த மனைவி. கட்டியவளுக்கு நேரத்தில்கூட உண்மை சொல்லாதவருக்கு ஆட்டம் என்ன, வேறு எதுவுமே வேண்டாம் என்று நினைக்கிற பழைய ஆள் நான். கோபம் வந்தால் வரட்டும்.

அடுத்த போட்டிக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நன்றாக ஆடினால் வர விடிகாலை ஆகும், தோற்றால் எந்த நேரத்திலும் வருவேன், கட்டணம் இவ்வளவு." அவர் சரி என்றால் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுங்கள். மாதம் ஒன்று போதும் என்றால் மாதம் ஒன்று. பத்து மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் ஒற்றை மேசை சிட் அண்ட் கோ ஆடுங்கள், ஒன்பது பத்துப் பேர்தான், அநேகமாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னால் என்ன செய்வது என்று மறுபடி எனக்கு எழுதாதீர்கள், அதற்கு என் பதில் உங்களுக்கே தெரியும்.