செகண்ட் ஹேண்டில் வாங்கிய பின்னல் மெஷினில் கண்ணி நழுவிக்கொண்டே இருக்கிறது. எப்படிச் சரிசெய்து பழகுவது?

பிரதர் கம்பெனியின் பழைய பஞ்ச்கார்டு மெஷின் (துளையிட்ட அட்டையை வைத்து டிசைன் போடுவது) வாங்கியிருக்கிறீர்கள். பத்து வரிசை போவதற்குள் கண்ணி, அதாவது நூல் வளையம், ஊசியிலிருந்து நழுவுகிறது, ஓரத்தில் நூல் தொங்குகிறது, கேரேஜ் (ஊசிகளின் மேல் இப்படியும் அப்படியும் தள்ளும் வண்டி) பாதியில் சிக்கி நின்றுவிடுகிறது, எனக்கு இது வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயம் வரும். பிழை துணியில் எந்த இடத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். வட்ட மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள், பின்னல் என்றால் பனியன் துணிதான். கல்யாணமாகி மொரீஷியஸில் கியூர்பிப்புக்கு வந்த பிறகுதான் தட்டை மெஷினைப் பார்த்தேன். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். ஜூலையில் தூறலும் குளிருமாக இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் இங்கே கம்பளி பின்னல் பெருகியது குளிருக்காக இல்லை, ஏற்றுமதிக்காக. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. பக்கத்து ஊர் ஃப்ளோரியாலிலும் மற்ற ஊர்களிலும் ஆலைகள் வந்தன, பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். என் அத்தையும், அதாவது மாமியாரும், அப்படிப் போனவர்தான். எந்த நாடு எவ்வளவு ஜவுளி அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருந்த உலகக் கோட்டா முறை 2005 தொடக்கத்தில் முடிந்தது. அதற்கடுத்த வருஷங்களில் அவர் வேலை பார்த்த ஆலையும் மூடிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். கண்ணி இன்ன இடம் என்றில்லாமல் அங்கங்கே நழுவுகிறதா? அப்படியானால் ஸ்பாஞ்ச் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசிகளுக்கு மேலே குறுக்காக ஓர் உலோகப் பட்டை போகும். அதன் அடிப்பக்கத்தில் இருக்கும் பஞ்சுதான் 200 ஊசிகளையும் அவை வரிசையாகக் கிடக்கும் படுகையோடு அழுத்திப் பிடிக்கிறது. பழைய மெஷின்களில் இந்தப் பஞ்சு பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். ஓர் ஊசியை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்தால் அதுதான் கோளாறு. நான் முதல்முறை என் மெஷினின் பட்டையை உருவியபோது பஞ்சு என்று ஒன்றுமே இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது. அத்தை பார்த்ததும், "மெஷினைக் குறை சொல்லாதே, இதுக்குத் தலையணை இல்லை" என்றார். புதுப் பட்டை வாங்கலாம், இல்லையென்றால் பழைய பட்டையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, அதே அகலத்தில் நுரைப் பஞ்சு ஒட்டலாம். திரும்பச் செருகும்போது உலோகம் மேலே, பஞ்சு கீழே இருக்க வேண்டும். ஒரு கையால் ஊசிகளை அமுக்கிக்கொண்டே தள்ளுங்கள், ஓர் ஊசிகூடப் பட்டைக்கு மேலே போய்விடக் கூடாது.

எப்போதும் ஒரே ஊசியில் நழுவினாலோ, துணியில் நெடுக ஒரு கோடு விழுந்தாலோ அந்த ஊசியில்தான் குறை. கொக்கி வளைந்திருக்கும் அல்லது அதைத் திறந்து மூடும் நாக்கு இறுகியிருக்கும். கடைக்கோடியில் நாம் பயன்படுத்தாத ஊசி ஒன்றை எடுத்து இடம் மாற்றிப் போடுங்கள். திருப்பூரில் வட்ட மெஷினிலும் துணியில் கோடு விழுந்தால் முதலில் ஊசியைத்தான் பார்ப்பார்கள்.

ஓரத்தில் நழுவினால் எடை போதவில்லை. இரண்டு ஓரத்திலும் எடைக் கொக்கி மாட்டி, 20, 30 வரிசைக்கு ஒருமுறை மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். நூல் தொங்கினால், கேரேஜைக் கடைசி ஊசியைத் தாண்டி ரொம்பத் தூரம் கொண்டுபோகிறீர்கள், அல்லது மேலே இருக்கும் கம்பி ஸ்பிரிங் மிச்ச நூலை இழுத்துக்கொள்ளவில்லை.

கேரேஜ் சிக்கினால் தயவுசெய்து பலத்தைக் காட்டாதீர்கள். கேரேஜின் முன்னால் மாட்டியிருக்கும் தட்டை (sinker plate) கழற்றிவிட்டு மெதுவாக விடுவியுங்கள். பெரும்பாலும் நூல்தான் காரணமாக இருக்கும். கைப்பின்னலுக்கு விற்கும் தடித்த உருண்டை நூல் ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இந்த மெஷினில் எல்லா ஊசியிலும் ஓடாது, ஓர் ஊசி விட்டு ஓர் ஊசியில் போடுங்கள். 2/28 எண் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) போன்ற மெல்லிய ஆலை நூல் என்றால் இரண்டு மூன்று இழை சேருங்கள். உருண்டையாக இருக்கும் எந்த நூலையும் தளர்வாகத் திரும்பச் சுற்றி, மெழுகு தடவிவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம் பயிற்சி. அத்தை முதல் வாரம் எனக்கு ஸ்வெட்டர் போடவே விடவில்லை. 30 ஊசியில் வேண்டாத நூலைப் போட்டு, நடுவில் ஒரு கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட்டு, ஐந்து வரிசை இறங்கட்டும் என்று காத்திருப்பார். துணியில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். கொக்கிக் கருவியைத் துணியின் பின்பக்கமிருந்து விட்டு, கீழே இருக்கும் கண்ணியைப் பிடித்து, நாக்குக்குப் பின்னால் தள்ளி, அடுத்த குறுக்கு நூலைக் கொக்கியில் வாங்கி இழுக்க வேண்டும். நாக்கு மூடி, பழைய கண்ணி அதன் மேல் வழுக்கி விழும். ஒரு படி ஏறியாயிற்று. நான் அவசரப்படும்போதெல்லாம் "டுஸ்மா, டுஸ்மா" என்பார், கிரியோலில் மெதுவாக என்று அர்த்தம். இருபது தடவை செய்தபின் கண்ணி நழுவினால் பயம் வரவே இல்லை. மெஷின் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மாதிரித் துண்டைத் தவிர்க்காதீர்கள். 40 ஊசி, 60 வரிசை, அடையாள நூலோடு பின்னி, துவைத்து, காயவைத்து, ஓர் இரவு விட்டு அளவெடுங்கள். கோனில் வரும் ஆலைக் கம்பளியில் எண்ணெய் இருக்கும். துவைத்தபின்தான் அது பூத்து, சுருங்கித் தன் உண்மையான அளவுக்கு வரும். என் கணவருக்குப் போட்ட முதல் ஸ்வெட்டரில் துவைக்காமல் அளந்தேன். ஒரே துவைப்பில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, பதினோரு வயது மகன் போட்டுக்கொண்டான்.

துண்டுகளை இணைப்பதைக் கடைசியில் கற்றுக்கொள்ளுங்கள். அத்தையின் ஆலை வேலையே அதுதான், இங்கே ரெமாயாஜ் என்பார்கள். வட்டத் தட்டில் நிற்கும் முட்களில் கழுத்துப் பட்டையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் அங்கே ஓட்டை விழும். இப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் விரல் நுனியாலேயே கண்ணியைத் தேடி எடுக்கிறார்.

முதலில் பட்டையை உருவிப் பாருங்கள். பஞ்சு எப்படி இருக்கிறது, மெஷின் என்ன மாடல் என்று கீழே எழுதுங்கள், அத்தையிடமும் கேட்டுச் சொல்கிறேன்.